ஒயின்முகக் கடல்: ஹோமர் பாடிய கடலின் நிறம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில ஆண்டுகளாக ஒரு சிறிய வாசிப்பு வட்டத்தில், பழங்காலக் கிரேக்கக் கவிஞர் ஹோமரின் காவியங்களான இலியட், ஒடிசி இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து வருகிறோம். புதிதாக யார் வந்தாலும் முதல் மாதத்திலேயே கடலின் நிறத்தில் வந்து நின்றுவிடுவார்கள். அவர்கள் கேட்டவற்றைக் கேட்டபடியே எழுதி, நான் சொல்லிவரும் பதில்களைக் கீழே சேர்த்திருக்கிறேன். கிரேக்கச் சொற்களைத் தமிழ் எழுத்தில் காதுக்கு எட்டிய அளவில் தந்திருக்கிறேன்.

ஹோமர் கடலை ஒயின் நிறம்னு பாடினார்னு சொல்றாங்களே, நிஜமாவே அப்படி இருக்கா?

இருக்கிறது. 'ஒய்னோப்ஸ் பொந்தோஸ்', ஒயின்முகக் கடல் என்பது அந்தத் தொடர். கி.மு. 8ஆம் நூற்றாண்டையொட்டி உருப்பெற்றவை என்று பொதுவாகக் கருதப்படும் இலியட், ஒடிசி இரண்டிலும் வருகிறது. ஆனால் பலர் நினைப்பது போல் பக்கத்துக்குப் பக்கம் வருவதில்லை. இரண்டு காவியங்களும் சேர்ந்து 27,000 அடிகளுக்கு மேல். அதில் கடலுக்கு இந்த அடைமொழி இருபதுக்கும் குறைவான இடங்களில்தான். ஹோமரையொட்டிய காலத்தவரான ஹெசியோட் என்ற கவிஞரும் இதைப் பயன்படுத்துகிறார். கார்த்திகை விண்மீன் கூட்டம் மறையும் பருவத்தில் காற்றுகள் சீறும், அப்போது ஒயின்முகக் கடலில் கப்பலை வைத்திருக்காதே என்று எச்சரிக்கிறார்.

அந்தச் சொல்லுக்கு நேர் அர்த்தம் என்ன சார்?

'ஒய்னோஸ்' என்றால் ஒயின். 'ஓப்ஸ்' என்றால் கண், முகம், பார்வைக்குப் படும் தோற்றம். ஆக, ஒயினின் முகம் கொண்டது. ஏதேனா தேவிக்கு 'கிளௌகோபிஸ்' (மினுங்கும் கண்ணாள்), ஹீரா தேவிக்கு 'போஓபிஸ்' (மாட்டுக் கண்ணாள்) என்று வரும் அடைமொழிகளிலும் இதே 'ஓப்ஸ்'தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதில் இரண்டைக் கவனியுங்கள். நிறம் என்ற சொல்லே இதில் இல்லை. இருள் என்பதும் இல்லை. 'ஒயின் போல் இருண்ட கடல்' என்பது ஆங்கில மொழிபெயர்ப்புகள் வழியாக உலகெங்கும் பரவிய வடிவம். அழகான வடிவம்தான், ஆனால் அந்த இருள் மொழிபெயர்ப்பாளர் போட்டது.

ஒயின் சிவப்பு. கடல் எப்படிச் சிவப்பா இருக்கும்?

ஹோமரின் ஒயின் எப்போதும் சிவப்பு மட்டுமல்ல. மாரோன் என்ற பூசாரி ஒடிசியின் நாயகன் ஒடிசியூஸுக்குக் கொடுத்த ஒயினை ஹோமர் சிவப்பு என்கிறார். கலிப்சோ என்ற தேவதை தோல்பையில் ஊற்றிக் கொடுத்து அனுப்பியது கறுப்பு ஒயின். வேறு பல இடங்களில் 'ஐத்தோப்ஸ்', அதாவது தீயின் முகம் கொண்டது, தகதகப்பது.

அவர்கள் ஒயினைப் பார்த்த விதத்தையும் யோசியுங்கள். நம்மைப் போல் கண்ணாடிக் கோப்பையை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்க்கவில்லை. மண் கலத்திலோ உலோகக் கலத்திலோ மேலிருந்து குனிந்து பார்த்தார்கள். அப்படிப் பார்த்தால் உள்ளே ஆழம் தெரியாத கருமை, மேலே ஒரு மினுக்கம், கலத்தின் விளிம்பில் மட்டும் செம்மை. ஆழ்கடலைப் படகின் ஓரத்திலிருந்து குனிந்து பார்த்தவர்களுக்கு இந்த உவமை புரியும். என் வாசிப்பு இதுதான்: கருமையும் மினுக்கமும் சேர்ந்த அந்த முகத்தைத்தான் இந்தச் சொல் பிடிக்கிறது. சிவப்பு ஒரு சாயலாக இருக்கலாம், அதுவே பொருள் அல்ல.

அப்போ பழைய கிரேக்கர்களுக்கு நீலமே தெரியாதுன்னு வீடியோல சொன்னாங்களே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். இந்தக் கதையின் தொடக்கம் 1858. பின்னாளில் நான்கு முறை பிரிட்டனின் பிரதமரான வில்லியம் கிளாட்ஸ்டன் அந்த ஆண்டு ஹோமரைப் பற்றி மூன்று பாகங்களில் எழுதினார். அதன் ஒரு பகுதி நிறங்களைப் பற்றியது. ஹோமரிடம் கடலும் மாடும் ஒயின். ஆட்டு ரோமமும் இரும்பும் கடலும் வயலட் பூ. தேனும் அச்சத்தால் வெளிறிய முகமும் ஒரே சொல். வானம் வெண்கலம், இரும்பு, விண்மீன் நிறைந்தது. நீலம் மட்டும் இல்லை. இதையெல்லாம் உட்கார்ந்து எண்ணிப் பட்டியலிட்டவர் அவர்தான். அந்த உழைப்புக்கு என் வணக்கம். ஆனால் அதிலிருந்து அவர் வந்த முடிவு, அந்தக் கால மனிதர்களிடம் நிறத்தை உணரும் புலன் முழுதாக வளர்ந்திருக்கவில்லை என்பது. 1877இல் ஹ்யூகோ மாக்னஸ் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் இதை இன்னும் நீட்டி, மனிதக் கண்ணே படிப்படியாகத்தான் நிறம் காணக் கற்றது என்றார்.

இது நிற்காது. கண்ணில் நிறம் காணும் மூன்று வகைக் கூம்பு செல்கள் மனித இனத்தை விடப் பழையவை; மூவாயிரம் ஆண்டுகளில் முளைத்தவை அல்ல. ஹோமருக்கு ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுக்கு முன்பே சாந்தோரினித் தீவின் அக்ரோதிரி ஊரில் சுவரில் குரங்குகளை நீலத்தில் தீட்டியிருக்கிறார்கள். ஹோமரிடமே 'குவானோஸ்' என்ற பொருள் இருக்கிறது. அது நீலக் கண்ணாடிக் குழம்போ அதுபோன்ற நீலப் பொருளோ; அல்கினூஸ் மன்னனின் அரண்மனைச் சுவரின் மேல்விளிம்பில் ஓடுகிறது, கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னோனின் மார்புக் கவசத்தில் பத்துப் பட்டைகளாக இருக்கிறது. பார்த்தார்கள், செய்தார்கள், பூசினார்கள். நீலம் என்று தனியே வகுத்து அழைக்கும் சொல் அன்றைய கவிதை மொழியில் அமைந்திருக்கவில்லை, அவ்வளவுதான். 1969இல் பெர்லின், கே என்ற இரு ஆய்வாளர்கள் பல மொழிகளை ஒப்பிட்டு, நீலத்துக்கான தனிச்சொல் கறுப்பு, வெள்ளை, சிவப்புக்குப் பின்புதான் வருகிறது என்று காட்டினார்கள். திருமாலை ஒரே மூச்சில் கரியவன், நீலமேனியன், பச்சைமாமலை மேனியன் என்று பாடும் நமக்கு இதில் திகைக்க எதுவும் இல்லை. ஆழ்வார்களுக்குக் கண்ணில் குறை என்று யாராவது சொல்வார்களா?

ஹோமருக்கே கண் தெரியாதுன்னுதானே சொல்வாங்க? அதனால இருக்குமோ?

அவர் பார்வையற்றவர் என்பது பழைய மரபு. அப்பல்லோ துதிப்பாடல் ஒன்றில் "பாறைகள் நிறைந்த கியோஸில் வாழும் பார்வையற்ற மனிதன்" என்று பாடகர் தம்மைச் சொல்கிறார். ஒடிசியில் வரும் தெமொதோகோஸ் என்ற பாடகரும் பார்வையற்றவர். இரண்டையும் ஹோமரோடு சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் இந்தச் சொற்கள் ஒருவரின் சொத்து அல்ல. தலைமுறை தலைமுறையாகப் பாடகர்கள் கைமாற்றித் தந்தவை. ஹெசியோடிடமும் அதே தொடர் வருவதை முதல் பதிலில் சொன்னேன்.

தண்ணி கலந்தா அவங்க ஒயின் நீலமா மாறிடுமாம், சயின்ஸ் படி கரெக்டா?

1980களில் நேச்சர் இதழில் வந்த ஒரு கடிதத்திலிருந்து கிளம்பிய யோசனை. கிரேக்கர்கள் ஒயினில் தண்ணீர் கலந்துதான் குடித்தார்கள். சுண்ணாம்புப் பாறை நிலத்து நீர் காரத்தன்மை உடையது. திராட்சைத் தோலின் அந்தோசயனின் நிறமி காரத்தில் நீலமாகும். மூன்றும் உண்மை. ஆனால் ஒயின் நல்ல புளிப்பு. அதை நீலமாக்கும் அளவுக்குக் காரம் சேர்த்தால் வாயில் வைக்க முடியாது. மேலும், மாரோனின் ஒயினை ஒரு கோப்பைக்கு இருபது பங்கு தண்ணீர் கலந்து குடிப்பார்கள் என்று சொல்லும் அதே வரிகளில்தான் ஹோமர் அதைச் சிவப்பு என்கிறார். எல்லாவற்றுக்கும் மேல், அவர் ஒயின்முகம் என்று பாடிய மாடு என்ன ஆவது? நீல மாடு உழவில்லை.

சூரியன் மறையிற நேரத்துக் கடலைச் சொல்லியிருக்கலாமே?

நல்ல ஊகம். ஒரு இடத்தில் பொருந்தவும் செய்கிறது. இலியட் 23ஆம் காண்டத்தில் நண்பன் பத்ரோக்ளோஸின் சிதைக்கு அருகே இலியட்டின் நாயகன் அக்கிலீஸ் நின்று ஒயின்முகக் கடலைப் பார்க்கிறான். ஊருக்குத் திரும்பினால் ஆற்றுத் தேவனுக்குக் கொடுப்பதாக வளர்த்த தலைமுடியை, இனி திரும்பப் போவதில்லை என்று தெரிந்து, வெட்டி நண்பனின் கையில் வைக்கிறான். அழுதுகொண்டே இருந்தால் பொழுதே சாய்ந்திருக்கும் என்று சில அடிகளில் வருகிறது.

ஆனால் ஒடிசி 2ஆம் காண்டத்தின் முடிவைப் பாருங்கள். சூரியன் மறைந்து, தெருக்கள் இருண்ட பிறகுதான் ஒடிசியூஸின் மகன் தெலெமாகோஸ் யாருக்கும் தெரியாமல் கப்பல் ஏறுகிறான். ஏதேனா அனுப்பிய மேல்காற்று "ஒயின்முகக் கடல்மேல் பாடிக்கொண்டு" வருகிறது. இரவு. செவ்வானத்துக்கு அங்கே இடமில்லை.

இந்த அடைமொழி எந்த மாதிரி இடத்துல வருது? ஏதாவது ஒழுங்கு இருக்கா?

இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பேன்.

ஹோமரின் கிரேக்கத்தில் கடலுக்குப் பல சொற்கள். 'ஹல்ஸ்' என்றால் உப்பு. கரையோரக் கடல், துடுப்புக்குப் படும் கடல். 'தலஸ்ஸா' பொதுச்சொல். 'பெலகோஸ்' விரிந்த பரப்பு. 'பொந்தோஸ்' என்பது கடந்து போக வேண்டிய திறந்த கடல். ஒயின்முகம் வருவது இந்தப் பொந்தோஸுக்கு. அதுவும் எழுவாயாக வருவதில்லை: யாரோ அதன்மேல் போகிறார்கள், அதன் நடுவில் இருக்கிறார்கள், அதைப் பார்க்கிறார்கள், அல்லது அதிலிருந்து தப்புகிறார்கள். "இருபதாம் நாள், நேற்றுத்தான் ஒயின்முகக் கடலிலிருந்து தப்பினேன்" என்று ஒடிசியூஸ் நௌசிகா என்ற இளவரசியிடம் சொல்கிறான். கடலே இல்லாத அர்க்காதியா மலைநாட்டவருக்கு அகமெம்னோன் கப்பல் கொடுத்தது ஒயின்முகக் கடலைக் கடப்பதற்கு. கிரீட் தீவு ஒயின்முகக் கடலின் நடுவே இருக்கிறது. தேவர்களின் குதிரைகள் ஒரே தாவலில் கடக்கும் தூரம் எவ்வளவு என்றால், காவல்மேட்டில் உட்கார்ந்து ஒயின்முகக் கடலை நோக்கும் ஒருவன் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் தொலைவு வரைக்கும்.

ஆக, கால் நனைக்கும் கடல் அல்ல இது. அக்கரை தெரியாத கடல்.

ஆனா சும்மா அடியை நிரப்பப் போட்ட சொல்தானே இதெல்லாம்?

மில்மன் பாரி என்ற அமெரிக்க அறிஞர் 1920களிலும் 30களிலும் காட்டியதைத்தான் கேட்கிறீர்கள். ஹோமரின் பாட்டு எழுதிவைத்துப் படித்ததல்ல. ஆறு சீர் கொண்ட அடியில், பாடும்போதே கட்டியது. அதற்குப் பாடகருக்கு அளவெடுத்த தொடர்கள் தேவை. 'ஒய்னோபா பொந்தோன்' (ஒயின்முகக் கடலை) என்பது நெடில் குறில் குறில், நெடில் நெடில். அடியின் கடைசி இரு சீருக்குத் தைத்த சட்டை போல் பொருந்துகிறது. இதை மறுக்க முடியாது.

ஆனாலும் 'சும்மா' என்பதை நான் ஏற்பதில்லை. இலியட் முதல் காண்டத்தில் அக்கிலீஸ் அழுதுகொண்டு கரையில் உட்கார்ந்து கடலைப் பார்க்கும் இடம். சுவடிகளில் "ஒயின்முகக் கடல்". கி.மு. 2ஆம் நூற்றாண்டில் அலெக்ஸாந்திரியாவில் ஹோமரைப் பதிப்பித்த அரிஸ்தார்கோஸ் "எல்லையற்ற கடல்" என்ற பாடத்தை எடுத்தார். இரண்டும் அதே இடத்தில் அளவு பிசகாமல் உட்காருகின்றன. அளவு மட்டும்தான் முக்கியம் என்றால் அரிஸ்தார்கோஸ் எதற்காகக் கவலைப்பட வேண்டும்? நம் ஊரில் ஓதுவார்கள் காலங்காலமாகப் பாடிவரும் தொடர் பழகிப்போனது என்பதற்காகப் பொருள் இழந்துவிடுகிறதா?

மாட்டையும் ஒயின்முகம்னு சொன்னாராமே, அது எப்படி?

இரண்டு இடங்கள், இரண்டிலும் ஏர் பூட்டிய ஜோடி. இலியட் 13ஆம் காண்டத்தில் அயாஸ் என்ற ஒரே பெயர் கொண்ட இரண்டு வீரர்களும் தோளோடு தோள் நின்று போரிடுவது, தரிசு நிலத்தில் கொம்பின் அடியில் வியர்வை வழிய உழும் இரண்டு ஒயின்முக மாடுகள் போல. ஒடிசி 13இல் ஊர் திரும்பத் துடிக்கும் ஒடிசியூஸ் சூரியன் மறையக் காத்திருப்பது, நாளெல்லாம் ஒயின்முக மாடுகளைக் கொண்டு உழுதவன் இரவுச் சாப்பாட்டுக்குக் காத்திருப்பது போல.

இதற்குப் பின்னால் இன்னொரு கதை இருக்கிறது. கிரீட் தீவின் க்னோஸோஸ் அரண்மனையில் கிடைத்த களிமண் ஏடுகள் ஹோமருக்குப் பல நூற்றாண்டு முந்தியவை. 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் அந்த எழுத்தைப் படித்தபோது அது கிரேக்கம் என்று தெரிந்தது. அந்த ஏடுகளில் உழவு மாடுகளின் பெயர்கள் வருகின்றன. அதில் ஒன்று 'வோ-நோ-கோ-ஸோ'. 'வொய்னோக்வ்ஸ்', ஒயின்முகன் என்று அதைப் படிக்கிறார்கள். செவலை, மயிலை, காரி என்று நாம் மாட்டை அழைப்பதில்லையா? செவலைக்காளையின் நிறத்தைச் சிவப்பு என்று எழுதினால் எவ்வளவு தப்போ, அவ்வளவு தப்பு ஒய்னோப்ஸை ஒரு வண்ண அட்டையில் தேடுவது.

எழுத்தில் நமக்குக் கிடைத்த வரையில் இந்தச் சொல் முதலில் மாட்டுக்குத்தான் வருகிறது, கடலுக்கு அல்ல. அந்த முன்னெழுத்து 'வ' ஹோமரின் காலத்துக்குள் தேய்ந்துபோனது. ஆனால் 'எபி ஒய்னோபா' என்ற இடத்தில் இரண்டு உயிரெழுத்துகள் மோதிக்கொண்டு நிற்கும் விரிசலில் அதன் தடம் இன்னும் இருக்கிறது. தொடர் அவ்வளவு பழையது.

கடலுக்கு வேற என்னென்ன நிறம் சொல்லியிருக்கார்?

அதிகம் வருவது 'போலியோஸ்', நரை. கிழவரின் முடி, ஓநாய், இரும்பு, கடல் எல்லாம் போலியோஸ். "வரிசையாக உட்கார்ந்து நரைக்கடலைத் துடுப்பால் அடித்தார்கள்" என்பது ஒடிசியில் திரும்பத் திரும்ப வரும் அடி. நுரையும் உப்பும் தெறிக்கும் ஹல்ஸுக்கு இது எவ்வளவு பொருத்தம் பாருங்கள். ஒயின்முகம் தூரத்துக்கு, நரை கைக்கெட்டும் தூரத்துக்கு.

காற்று முதலில் தொடும்போது மேலே ஓடும் சிலிர்ப்புக்குக் கறுப்பு. வயலட் பூவின் சாயல் மூன்று இடங்களில். மூடுபனி போன்ற கடல் என்றும் உண்டு. 'கிளௌகே' கடலுக்கு ஒரே ஒரு முறை: இரக்கமில்லாத அக்கிலீஸைப் பார்த்து பத்ரோக்ளோஸ், உன்னைப் பெற்றது தாயல்ல, கிளௌகே கடலும் செங்குத்துப் பாறைகளும்தான் என்கிறான். மினுங்குவது, வெளிறியது, குளிர்ந்தது என்ற மூன்றும் அந்தச் சொல்லில் இருக்கின்றன. அங்கே அது திட்டு.

பொர்பூரியோஸ்னா ஊதா. அப்போ அலை ஊதா நிறமா?

தெலெமாகோஸின் கப்பல் புறப்படும் அதே இரவுக் காட்சியில் ஒயின்முகம் வந்து ஏழாவது அடியில், கப்பலின் முன்கட்டையைச் சுற்றிப் 'பொர்பூரியோன்' அலை முழங்குகிறது. இந்தச் சொல்லோடு ஒரு வினைச்சொல்லும் இருக்கிறது: 'பொர்பூரோ', உள்ளுக்குள் புரளுதல். புயல் வருமுன் பெருங்கடல் சத்தமில்லாத அலையோடு புரள்வதை இலியட் 14இல் இந்த வினையால் சொல்லி, முடிவெடுக்க முடியாமல் நெஞ்சு புரளும் கிழவன் நெஸ்தோருக்கு உவமையாக்குகிறார். எனவே நான் இதைப் 'புரளும் அலை' என்றே மொழிபெயர்ப்பேன்.

நிறம் அறவே இல்லை என்று சொல்லவில்லை. கடல் நத்தையிலிருந்து எடுத்த சாயத்துக்குப் 'பொர்பூரா' என்று பெயர். அந்தச் சாயத் துணியில் உயர்ந்தது உறைந்த ரத்தம் போல, நேரே பார்த்தால் கறுத்து, வெளிச்சத்தில் சாய்த்தால் ஒளிர்வது என்று கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். அரிஸ்டாட்டிலின் பெயரில் வழங்கும் நிறங்களைப் பற்றிய சிறுநூல், அலை எழும்பிச் சாயும்போது அதன் சரிவில் நிழல் விழுவதால் கடல் பொர்பூராச் சாயலாகத் தெரிகிறது என்கிறது. புரள்வதும் ஒளி மாறுவதும் அவர்களுக்கு ஒரே நிகழ்ச்சி.

அவருக்கு அப்புறம் வந்த கவிஞர்களாவது நீலம்னு சொன்னாங்களா?

மெல்ல மெல்ல. முன்பு சொன்ன குவானோஸிலிருந்து வந்த 'குவானியோஸ்' ஹோமரிடம் டிராய் வீரன் ஹெக்டரின் முடிக்கும் தேவர்களின் அரசன் சேயுஸின் புருவத்துக்கும் அக்கிலீஸின் தாய் தெதிஸின் துக்க முக்காட்டுக்கும் வருகிறது. கறுப்பின் பக்கமே சாய்கிறது. சிமோனிதெஸ் பாடும்போது, புராணப் பாடகன் ஓர்ஃபியுஸின் இசைக்கு மீன்கள் குவானிய நீரிலிருந்து துள்ளி எழுகின்றன. யூரிப்பிதிஸின் நாடகம் ஒன்றில், கடல்கள் கூடும் இடத்தைக் கூட்டுப்பாடகர்கள் அதே சொல்லை இரண்டு முறை அடுக்கி அழைக்கிறார்கள். கருநீலம் என்று படிக்க இங்கே நமக்குத் துணிவு வருகிறது.

ஆனால் எஸ்கிலஸைத் தாண்டி என்னால் போக முடிவதில்லை. கி.மு. 458இல் அரங்கேறிய அகமெம்னோன் நாடகத்தில், கணவனைக் கொல்லத் திட்டமிட்டிருக்கும் கிளிதெம்னெஸ்திரா அவனைப் பொர்பூராத் துணிமேல் நடக்க வைக்கிறாள். "கடல் இருக்கிறது. யார் அதை வற்றச் செய்ய முடியும்?" என்கிறாள், வெள்ளிக்கு நிகரான சாயத்தை அது ஊறவைத்துக்கொண்டே இருக்கிறது என்று. கடல், சாயம், சற்று நேரத்தில் சிந்தப்போகும் ரத்தம், மூன்றும் ஒரே நிறம்.

தமிழ்ல இதை எப்படித்தான் எழுதறது?

நான் பல ஆண்டு மாற்றி மாற்றி எழுதிப் பார்த்திருக்கிறேன். 'கருஞ்சிவப்புக் கடல்' என்றால் மாட்டின் கதை போய்விடும், வண்ண அட்டை வந்துவிடும். 'கருங்கடல்' வரைபடத்தில் உள்ள வேறொரு கடல். 'தேறல்முகக் கடல்' என்று ஆசையாக வைத்திருந்தேன், ஏனென்றால் புறநானூறு 56இல் நக்கீரர் பாண்டியனைப் பாடும்போது யவனர் நன்கலத்தில் கொண்டுவந்த "தண்கமழ் தேறல்" வருகிறது. அந்தப் பக்கத்து ஒயினுக்கு நம் மொழியில் ஏற்கெனவே இருந்த பெயர். ஆனால் தேறல் தெளிந்தது. ஹோமரின் கலம் அடி தெரியாதது. மனமில்லாமல் கைவிட்டேன். இப்போதைக்கு 'ஒயின்முகக் கடல்'.

முழுசாப் படிக்க நேரமில்லை. ஒரே ஒரு இடம் சொல்லுங்க.

ஒடிசி 2ஆம் காண்டத்தின் கடைசி இருபது அடி. கையில் இருக்கும் எந்த மொழிபெயர்ப்பிலும் போதும், வாய்விட்டுப் படியுங்கள். பையன்கள் கட்டவிழ்க்கிறார்கள், ஊசியிலை மரப் பாய்மரத்தைத் தூக்கி நிறுத்துகிறார்கள், முறுக்கிய தோல்கயிற்றால் வெள்ளைப் பாய்களை ஏற்றுகிறார்கள். காற்று பாயின் நடுவில் அடிக்கிறது. ஒயின்முகம், புரளும் அலை இரண்டும் அங்கேயே இருக்கின்றன. கலங்களை விளிம்பு வரை நிரப்பித் தேவர்களுக்கு ஒயின் வார்க்கிறார்கள். பிறகு இரவு முழுவதும், விடிந்த பின்னும், கப்பல் தன் வழியில் போய்க்கொண்டிருக்கிறது.